முகத்தைத் திருப்பிக்கொண்ட மனிதர்

நவம்பர் 4, திங்கள்

இன்று முதல் பேப்பரில் வரும் படங்களையும் சொல்ல வேண்டும் என்று மங்கையர்க்கரசி சொல்லிவிட்டார். எனக்கு இது சரிப்படும் என்று தோன்றவில்லை.

‘செவிவழி’க்குச் செய்தி வாசிக்கத் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. காலையில் பேப்பர் வந்ததும் எனக்கு ஒதுக்கிய பக்கங்களைக் கைப்பேசியில் வாசித்துப் பதிவு செய்து உறையூர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவேன். பார்வை இல்லாதவர்களும் மங்கியவர்களும் ஒரு எண்ணுக்கு ஃபோன் போட்டு, வேண்டிய பக்கத்துக்கான பொத்தானை அழுத்திக் கேட்டுக்கொள்கிறார்கள். கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலமெல்லாம் கடைசி பெஞ்சுக்கு எட்டாத குரல் என்று பெயர் வாங்கியவன் நான். அந்தக் குரலை யாரோ ஃபோன் போட்டுக் கேட்கிறார்கள் என்பதை இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை.

இன்றைய படம் ஒரு ரேஷன் கடைத் திறப்பு விழா. “அழகான திறப்பு விழாக் காட்சி” என்று சொல்லி முடித்துவிட்டேன். உடனே மங்கை ஃபோனில் வந்தார்.

“அழகுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டா நாங்க என்ன சார் பண்றது? பாத்ததைச் சொல்லுங்க. நெனச்சதை நீங்களே வச்சுக்குங்க.”

மங்கைக்கு நாற்பது வயதிருக்கும். பிறவியிலிருந்தே வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும். அலுவலகத்தை நடத்துவது அவர்தான். அவரிடம் எனக்குக் கொஞ்சம் பயம்.

சமையலறைக் குழாய் கசிகிறது. பிளம்பர் நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 5, செவ்வாய்

படம்: கோயில் யானை குளிக்கிறது. தும்பிக்கையிலிருந்து ஆரம்பித்தேன். வால் படத்தில் இல்லை. இல்லை என்பதையும் சொன்னேன். பிளம்பர் வரவில்லை.

நவம்பர் 9, சனி

படம் சொல்லும் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி கேட்கத்தான் உறையூருக்குப் போனேன். கேட்கவில்லை.

மாடிப்படி ஏறும்போதே உள்ளே சிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று கத்துவதுபோல் சத்தம். மங்கை காதில் எதுவும் மாட்டாமல் மேசைமேல் கைப்பேசியை வைத்துவிட்டுக் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன சத்தம்மா இது?”

“நீங்கதான் சார்.”

“நானா?”

“உங்களை எப்பவும் ரெண்டரை மடங்கு வேகத்துலதான் கேப்பேன். சாதாரண வேகத்துல கேட்டா நடுவுல ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிச்சுடலாம்.”

எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மங்கையோ அதை நிறுத்திவிட்டு, மாவட்டச் செய்திகளில் மூன்றாவது எது, அதில் நான் எங்கே இருமினேன், பின்னால் எப்போது குக்கர் விசில் அடித்தது என்றெல்லாம் சொன்னார். “ரெண்டாவது விசிலுக்கு அம்மா ஓடிவந்து அடுப்பை அணைச்சாங்க. செருப்புச் சத்தம் கேட்டுச்சு.” எங்கள் வீட்டுக்கு அவர் வந்ததே இல்லை.

வௌவால்களின் செவிப்புலன் பற்றி வருடந்தோறும் பாடம் எடுத்திருக்கிறேன். ஒரு முறைகூட இப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை.

பிறகு, கேட்பவர்கள் விட்டுவைத்த குரல் செய்திகளைப் போட்டுக் காட்டினார். மணப்பாறைப் பெரியவர் ஒருவர் என்னைத் திட்டியிருந்தார்: “கண்ணீர் அஞ்சலியை ஏன்யா வாசிக்க மாட்டேங்கிறீரு? யாரு போனா, யாரு இருக்கான்னு எனக்குத் தெரிய வேணாமா? நாங்க எதைக் கேட்டா வருத்தப்படுவோம்னு உம்மைக் கணக்குப் போடச் சொன்னது யாரு?”

நியாயம். திங்கள் முதல் வாசிக்கிறேன்.

நவம்பர் 12, செவ்வாய்

நேற்றும் இன்றும் கண்ணீர் அஞ்சலி வாசித்தேன். மணப்பாறைப் பெரியவர் வாழ்த்துச் செய்தி விட்டிருப்பதாக மங்கை சொன்னார். செத்தவர்களில் இருவர் அவருடைய பழைய விரோதிகளாம்.

என் மனைவி சௌந்தரத்தின் கைப்பேசியில் காலையிலேயே சார்ஜ் இறங்கிவிடுகிறது. பழையதாகிவிட்டது போலும். நான் பதிவை அனுப்பிய பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சீரியல் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 15, வெள்ளி

அரபிக்கடலில் புயல். ஆழ்கடலுக்குப் போன படகுகள் பல கரைக்கு வரவில்லை. முதல் பக்கம் முழுக்க அதுதான். வாசிக்கும்போது வரி தவறிவிடுமோ என்று ஸ்கேலை வைத்து வாசித்தேன்.

மங்கை எனக்கு ஒரு குரல் செய்தியை அனுப்பிவைத்தார். ஒரு பெண்ணின் குரல். தெளிவாக, ஏற்ற இறக்கமில்லாமல் பேசினார்.

“சாரே, எனக்க பேரு டெல்பின். கடல் செய்தி எது வந்தாலும், பெட்டிச் செய்தியா இருந்தாலும், விடாம வாசிக்கணும். எனக்க தம்பி போயிருக்கான்.”

டெல்பின் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர் என்று மங்கை சொன்னார். பிறவியிலேயே பார்வையில்லை. இங்கே திருச்சியில் ஒரு மருத்துவமனையில் டெலிஃபோன் ஆபரேட்டர். தாய் தகப்பன் இல்லை. ஒரே தம்பி, கிளீட்டஸ் என்று பெயர். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து விசைப்படகில் போனவன். படகிலிருந்து எந்தத் தகவலும் இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு

கடல் செய்திகளை விடாமல் வாசித்தேன். டீசல் மானியம் பற்றிய பழைய அறிக்கை ஒன்றையும் வாசித்துவிட்டேன். அதில் தம்பியைப் பற்றி என்ன இருக்கப்போகிறது? ஆனாலும் எதை விடலாம் என்று தீர்மானிக்க நான் யார்?

மாத்திரை டப்பாவை இந்த வாரத்துக்கு நிரப்பினேன்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று உள்பக்கத்தில் ஒரு பெரிய படம். கடலில் தத்தளித்தவர்களை ஒரு சரக்குக் கப்பல் பொறுக்கியெடுத்து ஒரு தீவுத் துறைமுகத்தில் இறக்கியிருக்கிறது. வெவ்வேறு படகைச் சேர்ந்தவர்கள். பாதிப்பேர் வடநாட்டுத் தொழிலாளர்கள். பெயர்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன என்று கீழே போட்டிருந்தது.

எழுதி வைத்துக்கொண்டுதான் சொன்னேன். கரையில் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். போர்வை போர்த்தியிருக்கிறார்கள். அவர்களுக்கு எதிரே ஓர் அதிகாரி, நமக்கு முதுகைக் காட்டி நின்று பேசுகிறார். ஆறு பேர் அவரை நிமிர்ந்து பார்க்கிறார்கள். “ஒருவர் மட்டும், வலது கோடியில் இருப்பவர், அதிகாரி பேசுவதைக் கேட்க விருப்பமில்லாதவர்போல் வலப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்” என்று முடித்தேன்.

இதுவரை நான் சொன்ன படங்களில் இதுதான் நன்றாக வந்தது என்று நினைத்தேன்.

மாலையில் மங்கை ஃபோன் செய்து டெல்பினை இணைப்பில் சேர்த்தார். அவரிடம் நேரடியாகப் பேசுவது இதுவே முதல் தடவை.

“சாரே, கடைசியில இருக்க ஆளு. முகம் எப்படி இருக்கும்?”

“சரியாத் தெரியலைம்மா. திரும்பியிருக்கார்.”

“ஊர்ல உள்ளவங்களும் அதத்தான் சொல்லினும். முகம் தெரியல்ல, அது அவன் இல்லன்னு.” பிறகு கேட்டார்: “வலப்பக்கமாட்டுதான் திரும்பியிருக்கானா? நிச்சயமா?”

படத்தை மறுபடி பார்த்தேன். “ஆமாம்மா. வலப்பக்கம்தான்.”

“சரி சாரே.”

அவ்வளவுதான். வைத்துவிட்டார். நான் ஏதோ செய்துவிட்டேன் என்று மட்டும் புரிந்தது. மங்கை இணைப்பில்தான் இருந்தார்.

“அவங்க தம்பிக்கு இடது காது கேக்காது சார். சின்ன வயசுல சீழ் பிடிச்சுப் போயிருச்சாம். யார் பேசினாலும் இடப்பக்கமாத் தலையைத் திருப்பி, வலது காதைக் கொடுத்துத்தான் கேப்பானாம். அந்த ஆள் வலப்பக்கம் திரும்பியிருக்கான்னா, கேக்காத காதையில்ல அதிகாரிகிட்டக் குடுக்கிறான்? அப்ப அது அவன் இல்லை.”

அதே நாள், பிறகு

சாப்பிட உட்கார்ந்தவன் எழுந்துவிட்டேன்.

ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் முதல் வார்த்தையாக நான் சொல்வது ஒன்று உண்டு. தட்டில் மல்லாத்தி வைத்திருக்கும் தவளைக்கு இடது என்றால் தவளையின் இடது. உன்னுடைய இடது அல்ல. பரீட்சையில் இதை மாற்றி எழுதியவர்களுக்கு மதிப்பெண் கொடுத்ததில்லை. இன்று நானே பேப்பரை எதிரே வைத்துப் பார்த்துக்கொண்டு, என் கைப்பக்கத்தை அந்த மனிதருடைய கைப்பக்கமாகச் சொல்லியிருக்கிறேன்.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். எனக்கு வலப்பக்கம் என்றால் அவருக்கு இடப்பக்கம். தெரிவது ஒரு காது. அது வலது காதுதானா? என்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. சௌந்தரத்தைக் கூப்பிட்டேன்.

“இங்க வந்து நில்லு. நீ அதிகாரி.”

“என்ன கூத்துங்க இது? சாப்பாடு ஆறுது.”

நாற்காலியில் உட்கார்ந்து இடது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டேன். வெளியே மழை. அவளை எதிரே நிற்கவைத்து, மெதுவாக ஏதாவது பேசச் சொன்னேன். அவள் உதடு அசைந்தது. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. என்ன சொல்கிறாள் என்று பிடிப்பதற்காகத் தலை தானாக இடப்பக்கம் திரும்பியது. நான் திருப்பவில்லை. அதுவாகத் திரும்பியது.

“பிளம்பர் ஏன் இன்னும் வரலைன்னு கேட்டேன்,” என்றாள். பிறகு மேசைமேல் கிடந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஐயையோ. அப்படியே இருக்குங்க. எம்மேல கோவிச்சுக்கிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்ட மாதிரியே இருக்கு. ‘கேட்க விருப்பமில்லாதவர்போல்’னு சொன்னீங்களே, அவரா இது?”

நான் பதிவு செய்தபோது அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எப்படித் தெரிந்தது என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

இன்னொரு சந்தேகமும் வந்தது. பத்திரிகைகளில் சில சமயம் படத்தை இடம்வலம் மாற்றி அச்சிட்டுவிடுவார்கள். அப்படியானால் எல்லாமே தலைகீழ். பூதக்கண்ணாடியை வைத்துப் படம் முழுவதும் தேடினேன். பின்னால் சுவரில் சாய்த்திருந்த மிதவை வளையத்தில் எழுத்துகள் இருந்தன. நேராக வாசிக்க முடிந்தது. படம் மாறவில்லை.

ஆனாலும் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முகம் தெரியாத ஒரு மனிதர் தலையைத் திருப்பியிருக்கிறார். கழுத்து வலியாக இருக்கலாம். காக்கையைப் பார்த்திருக்கலாம். இதை நம்பி ஒரு பெண்ணுக்கு ஆசை காட்டலாமா? காலையில் சொன்னது ஒரு தவறு. இது இரண்டாவது தவறாகிவிட்டால்?

“அவரா இல்லையாங்கிறதை அவங்க பாத்துக்குவாங்க,” என்றாள் சௌந்தரம். “எந்தப் பக்கங்கிறது உங்க வேலை. தப்பாச் சொன்னது நீங்கதானே?”

ஃபோன் போட்டேன். டெல்பின் பணியில் இருந்தார்; பின்னால் வேறு ஃபோன்கள் அடிப்பது கேட்டது. என் தவறைச் சொன்னேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. “வலப்பக்கம்னா அவனுக்க வலப்பக்கம்தானே சாரே? பாக்குத ஆளுக்குன்னு வேற ஒரு வலப்பக்கமா இருக்கு?”

“இருக்கும்மா. எங்களுக்கு இருக்கு. அதுலதான் தப்புப் பண்ணிட்டேன்.”

கையால் தொட்டு அறிந்தவருக்கு ஒரு மனிதனின் வலது அவனுடைய வலதுதான். அவனுக்கு எதிரே நின்று பார்க்கிறவனுக்குத்தான் இந்தக் குழப்பமெல்லாம். நான் மாணவர்களுக்கு மிரட்டிச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லாதவர்களும் உலகத்தில் இருந்திருக்கிறார்கள்.

“அவர் தன்னோட இடப்பக்கமாத் திரும்பியிருக்கார். வலது காது தெரியுது. வரிசையில அவர்தான் கடைசி. அவருக்கு இடப்பக்கத்துல யாரும் இல்லை.”

ஃபோன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. அவர் எதையும் எடுக்கவில்லை.

“அவன் எப்பமும் கடைசியிலதான் இருப்பான்,” என்றார். “இடப்பக்கம் ஆளிருந்தா பயம் அவனுக்கு. யாரு வாறா, என்ன சொல்லுதான்னு தெரியாதுல்லா. கோயிலுக்குப் போனாலும் பெஞ்சுக்க அற்றத்துலதான். வலப்பக்கத்துல நான்.” பிறகு சொன்னார்: “அவன் கோவிக்கல்ல சாரே. அவன் கேக்கான்.”

 இருந்தும் என் சுபாவம் விடவில்லை. “நிச்சயம்னு என்னால சொல்ல முடியாதும்மா. முகமே தெரியலை.”

“முகத்த வச்சா சாரே நான் அவனக் கண்டுபிடிக்கது?”

நவம்பர் 20, புதன்

படம்: வெங்காயச் சந்தை. சொன்னேன். எல்லாவற்றுக்கும் அவரவர் இடது வலது சொன்னேன். மூட்டைக்கு ஏது இடது வலது என்று மங்கை சிரித்தார்.

காலையிலிருந்து டெல்பின் அந்தத் தீவுத் துறைமுகத்தைப் பிடிக்க முயன்றுகொண்டிருக்கிறாராம். “ஆபரேட்டர்கிட்ட யாரு சார் தப்ப முடியும்? ஒரு லைன் போகலைன்னா அதுக்கு முந்தின லைன்ல இருக்கிறவரைப் பேர் கேட்டு வச்சுக்கிட்டு, அவர் மூலமா அடுத்த லைன். இந்தியில மன்னிப்புக் கேக்குறாங்க, மலையாளத்துல சண்டை போடுறாங்க. நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்.”

 அந்த மனிதர் வேறு யாராகவோ இருந்தால்? இன்று மட்டும் பல தடவை பஞ்சை அடைத்துப் பார்த்துவிட்டேன். சௌந்தரம் பஞ்சை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள்.

நவம்பர் 21, வியாழன்

பிளம்பர் வந்தார். வாஷர் மாற்றினார். வேறு செய்தி இல்லை.

நவம்பர் 22, வெள்ளி

மத்தியானம் மங்கை ஃபோன் செய்தார். பேச ஆரம்பித்து நிறுத்தினார். அவர் அழுது நான் கேட்டதில்லை.

துறைமுகத்தில் இருந்தவர்களில் ஒருவர் மட்டும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லையாம். கடலில் கிடந்த அதிர்ச்சியில் பேச்சே போய்விட்டது என்று எண்ணித் தனியாகப் படுக்க வைத்திருந்தார்கள். மூன்று நாள் உப்புத் தண்ணீரில் கிடந்ததில் கேட்கும் காதும் அடைத்துப்போயிருக்கிறது. கூட இருந்தவர்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. டெல்பின் அங்கிருந்த ஓர் அலுவலரை ஃபோனில் பிடித்துச் சொல்லியிருக்கிறார்: அவனுக்க வலப்பக்கம் போய் நில்லுங்க, செவிக்கிட்டக் குனிஞ்சு, கிளீட்டஸ், அக்கா லைன்ல இருக்கான்னு சொல்லுங்க.

“அந்த ஆபீசர் போனை அவன் காதுகிட்டயே வச்சிட்டாரு சார். நானும் கேட்டேன். அவங்க பேர் சொல்லிக் கூப்பிட்டதும் ஒரு சத்தம் வந்துச்சு. பேச்சு இல்லை. அவன் மூச்சை இழுத்தது. ‘அவன்தான்’னாங்க டெல்பின். அதுக்கப்புறம்தான் அவன் அழவே ஆரம்பிச்சான்.”

பிற்பகலில் என்ன செய்தேன் என்று எழுத ஒன்றுமில்லை.  சில நூறு மைலுக்கு அப்பால், ஒரு மூச்சு. அதை டெல்பின் அறிந்துகொண்டார். அதற்குமுன், அச்சுமையில் நகத்தளவு இருந்த ஒரு தலைத்திருப்பத்தை, அதுவும் நான் தப்பும் தவறுமாகச் சொல்லக் கேட்டு, அறிந்துகொண்டார். எனக்கு இரண்டு கண்கள் இருந்தன, பூதக்கண்ணாடியும் இருந்தது. எனக்குத் தெரிந்தது ஒரு கோபக்காரர்.

நவம்பர் 25, திங்கள்

கிளீட்டஸின் படகில் இருந்த மற்ற நால்வரைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை. டெல்பின் குரல் செய்தி விட்டிருந்தார்: “சாரே, வாசிக்கத நிறுத்திராதீங்க. அவங்களுக்கும் ஆள் இருக்கு.”

நிறுத்தவில்லை. டீசல் மானியத்தையும் வாசித்தேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

அக்காவும் தம்பியும் உறையூர் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். சௌந்தரமும் என்னோடு வந்தாள். அவள் வாய் திறந்து “வணக்கம்” என்றதும் மங்கை, “அம்மா, ரெண்டாவது விசில் நீங்கதானே?” என்றார். இருவரும் வெகுநாள் பழகியவர்கள்போல் பேச ஆரம்பித்தார்கள். தினமும் எத்தனை மணிக்கு எந்தப் பொத்தான் என்றெல்லாம் ஏதோ பேச்சு. நான் கவனிக்கவில்லை.

பெஞ்சின் ஒரு கோடியில் கிளீட்டஸ் உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு வயதிருக்கும். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. வலப்பக்கத்தில் டெல்பின்.

என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். எதிரே நின்று, “தம்பி, நான்தான் அந்தப் படத்தை…” என்று தொடங்கினேன். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எல்லாம் தெரிந்திருந்தும், ஒரு கணம் எனக்குச் சுருக்கென்றது. என்மேல் கோபமோ என்று நினைத்தேன். பேச்சு நின்றுவிட்டது.

“பேசுங்க சாரே,” என்று டெல்பின் சிரித்தார். “கேட்டுட்டுத்தான் இருக்கான். நீங்க பேச்ச நிறுத்தினா அவனுக்க கழுத்துதான் வலிக்கும்.”

 இடம் மாறி அவருடைய வலப்பக்கமாகப் போய் நின்றேன். டெல்பின் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் நகர்ந்ததை எப்படி அறிந்தார் என்று கேட்க எனக்கு இனி வெட்கம்.

“எனக்கு ஒரு காரியம் செய்யணும் சாரே,” என்றார். “இவனப் படம் சொல்லுங்க. பேப்பர்ல சொல்லுகது மாதிரி.”

தொண்டையைச் செருமிக்கொண்டேன். நீலக் கட்டம் போட்ட சட்டை. மேல் பொத்தான் இல்லை. இடது புருவத்துக்கு மேலே ஆறிவரும் ஒரு காயம். வலது கையை அக்காவின் முழங்கைமேல் வைத்திருக்கிறார். அந்தக் கையில் கயிறு அறுத்த தழும்புகள். “வாய் கொஞ்சம் திறந்திருக்கு,” என்றேன். “பல் தெரியுது. கண்ணு ரெண்டும் நனைஞ்சிருக்கு.”

“சிரிக்கானா, அழுகானா?”

மங்கை அந்தப் பக்கத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். நான் அந்த முகத்தை நன்றாகப் பார்த்தேன்.

“அது நீங்கதான் சொல்லணும்மா,” என்றேன்.

டெல்பின் தம்பியின் பக்கம் சாய்ந்து காது கொடுத்தார். பிறகு, “ரெண்டும்,” என்றார்.

டிசம்பர் 2, திங்கள்

படம்: பேருந்து நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்பவர்கள். ஒன்பது பேர். எட்டுப் பேர் மழையைப் பார்க்கிறார்கள். ஒரு பெண் சுவர்ப்பக்கமாகத் திரும்பி நிற்கிறார். முகம் தெரியவில்லை. வலது கையில் பை.

எழுதி வைத்ததை ஒருமுறை சரிபார்த்துவிட்டு வாசித்தேன். முடிவில் எழுதாத ஒரு வரியையும் சேர்த்தேன்.

“ஏன் திரும்பி நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்பவர்களில் யாருக்காவது தெரிந்திருக்கலாம்.”